ஒழுகும் கூரையும் வளரும் கடனும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பது நம் முன்னோர் மொழி. கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று அவர்கள் சேர்த்துச் சொல்லவில்லை. கட்டியவர்கள் அதைத் தாமே கற்றுக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள் போலும். வீடு ஒருமுறை செலவிட்டு முடித்துவிடும் பொருளன்று. ஓடு உடையும்; உத்திரம் உளுத்துப்போகும்; சுவரில் ஓதம் ஏறும். வருவாய் தவறாமல் வரும் காலத்தில் இவை சில்லறைச் செலவுகள். வேலை போய், கூலி குறைந்து, கடன் கொடுத்தவர் வாயிலில் வந்து நிற்கும் காலத்திலோ இவையே மலையாகத் தோன்றும். தவணையைக் கட்டுவதா, கூரையை மாற்றுவதா என்ற கேள்வி எழும்போது பெரும்பாலான குடும்பங்கள் தவணையையே தேர்ந்துகொள்கின்றன. ஏனெனில் கூரை வாய்திறந்து கேட்பதில்லை.

ஆனால், கூரை காத்திருப்பதும் இல்லை. ஓர் ஆண்டு தள்ளிப்போட்டால் உத்திரம் கெடும். மறு ஆண்டு சுவர் சரியும். வட்டியின் இயல்பும் அதுவே. கவனியாது விட்டால் இரண்டும் தாமாகவே வளரும். இவ்விரு சுமைகளும் ஒருசேர ஒரு நாட்டு மக்கள்மீது விழுந்த வரலாறு ஒன்று உண்டு. 1930களில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் அது நிகழ்ந்தது. செல்வ நாடு என்று நாம் எண்ணும் அந்நாட்டில் தொழிலாளரும் நடுத்தர வகுப்பினரும் தம் வீடுகளை எவ்வாறு இழந்தனர், எவ்வாறு காத்துக்கொண்டனர், காக்கப்படாமல் விடப்பட்டவர் யாவர் என்பவற்றை நிதானித்து நோக்குவது நமக்கும் பயன்தரும்.

சுளையாகக் கட்டவேண்டிய கடன்

1920கள் அமெரிக்காவில் வளமான ஆண்டுகள். வீடு வாங்க விரும்பியவர்க்கு வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அடமானக் கடன் வழங்கின. ஆனால், அக்கடன் இன்று நாம் அறிந்த நீண்டகாலத் தவணைக் கடன் போன்றதன்று. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே அதன் காலம். அக்காலம் முழுவதும் கடனாளி வட்டியை மட்டும் கட்டிவருவார். இறுதியில் அசல் முழுவதையும் சுளையாகக் கட்டவேண்டும். கையில் அவ்வளவு பணம் இராது. எனவே மீண்டும் வங்கிக்குச் சென்று கடனைப் புதுப்பித்துக்கொள்வார். வீட்டு மதிப்பில் ஏறத்தாழப் பாதிக்கே இக்கடன் கிடைத்ததால், எஞ்சிய தொகைக்காக உயர்ந்த வட்டியில் இரண்டாவது அடமானம் எழுதிக்கொடுத்தவர்களும் பலர்.

நல்ல காலத்தில் இந்த ஏற்பாட்டில் குறையேதும் தோன்றவில்லை. புதுப்பித்தல் ஒரு சடங்கைப்போல் நடந்தேறியது. 1929ஆம் ஆண்டு அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்து, அதைத் தொடர்ந்து வங்கிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோதுதான் அதன் ஆபத்து வெளிப்பட்டது. மூடிய வங்கி கடனைப் புதுப்பிக்க இயலாது. மூடாத வங்கியோ தன் வைப்பாளர்களுக்குப் பணம் தரவேண்டிய அச்சத்தால் புதுப்பிக்க மறுத்தது. நேற்றுவரை நாணயமாக வட்டி கட்டிவந்த குடும்பத் தலைவரிடம் இன்று அசல் முழுவதையும் வைக்கச் சொன்னார்கள். அவருக்கோ வேலை போயிருந்தது, அல்லது பாதிக் கூலிக்கு அவர் வேலை செய்துகொண்டிருந்தார். 1933இல் அந்நாட்டு உழைப்பாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை.

வீட்டை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. 1926இல் 5,000 டாலர் பெறுமான வீடு 1932இல் ஏறத்தாழ 3,300 டாலருக்கே விலைபோயிற்று. கடன் குறையவில்லை, கடனுக்கு ஈடாக நின்ற வீட்டின் விலை மட்டும் கரைந்தது. 1926இல் சுமார் 68,000 வீடுகள் கடனுக்காகப் பறிமுதல் ஆயின. 1930இல் அத்தொகை ஏறத்தாழ ஒன்றரை லட்சம். 1932இல் ஏறத்தாழ இரண்டரை லட்சம். 1933இன் தொடக்க மாதங்களில் நாள்தோறும் ஆயிரம் வீடுகள் முழுகிக்கொண்டிருந்தன. நாட்டிலிருந்த வீட்டு அடமானங்களில் ஏறத்தாழப் பாதி தவணை தவறியவையாக இருந்தன.

கட்டட வரலாற்றை ஆராய்ந்தோர் இன்னொரு கணக்கையும் தருகின்றனர். 1928க்கும் 1933க்கும் இடையில் வீடுகளைப் பழுதுபார்க்கச் செலவிட்ட தொகை 90 விழுக்காடு குறைந்தது. இந்த ஓர் எண்ணுக்குள் எத்தனை குடும்பங்களின் மௌனம் அடங்கியிருக்கிறது! பத்துப் பங்கு செலவிட்ட இடத்தில் ஒரு பங்கே செலவிட்டார்கள் என்றால், ஒன்பது பங்கு ஒழுக்கலும் விரிசலும் உளுப்பும் அப்படியே விடப்பட்டன என்பது பொருள். தச்சரும் கொத்தரும் குழாய் பொருத்துவோரும் சாயம் பூசுவோரும் வேலையின்றி அமர்ந்திருந்தார்கள். அவர்களுடைய தெருவிலேயே கூரைகள் ஒழுகிக்கொண்டிருந்தன. கைகளும் இருந்தன, வேலையும் இருந்தது; இரண்டையும் இணைக்கும் பணம் மட்டும் இல்லை. அவ்வேலையற்ற தச்சரும் தம் வீட்டுக்குத் தவணை கட்ட இயலாத கடனாளியாகவே இருந்திருப்பார்.

அண்டை வீட்டாரும் நீதிமன்றமும்

மக்கள் முதலில் தமக்குத் தெரிந்த வழிகளைக் கையாண்டார்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தன. காலியான அறையை வாடகைக்கு விட்டார்கள். அயோவா, நெபிராஸ்கா போன்ற வேளாண் மாநிலங்களில் வேறொரு காட்சி நிகழ்ந்தது. கடனுக்காக ஓர் உழவரின் மாடுகளும் கருவிகளும் ஏலத்துக்கு வரும்போது, ஊரார் திரண்டு வந்து நிற்பார்கள். ஒருவர் ஒரு மாட்டுக்குச் சில காசுகள் கேட்பார். அதற்குமேல் எவரும் வாய் திறக்கமாட்டார். வெளியூரான் ஒருவன் கூடுதலாகக் கேட்க முனைந்தால், சுற்றி நிற்போரின் பார்வையே அவனை அடக்கிவிடும். சில டாலர்களில் ஏலம் முடிந்ததும், வாங்கியவர்கள் அனைத்தையும் பழைய உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கலைந்து செல்வார்கள். இவற்றைக் காசு ஏலங்கள் என்று அழைத்தனர்.

அண்டை வீட்டாரின் அன்பு அதில் இருந்தது, மிரட்டலும் கலந்திருந்தது. அயோவாவின் லெ மார்ஸ் நகரில் 1933 ஏப்ரலில் ஒரு கூட்டம் நீதிபதி ஒருவரை நீதிமன்றத்திலிருந்து இழுத்துச் சென்று கழுத்தில் கயிற்றை மாட்டும் அளவுக்குப் போயிற்று. நல்லவேளையாக அவர் உயிர் பிழைத்தார். கடன் ஒரு சமூகத்தை எவ்வளவு தூரம் தள்ளக்கூடும் என்பதற்கு அந்நிகழ்ச்சி ஓர் எச்சரிக்கை.

அதே மாதத்தில் மின்னசோட்டா மாநிலம் வேறு வழியைத் தேடியது. ஏலத்தில் போன வீட்டை உரிய தொகை செலுத்தி மீட்டுக்கொள்ள அம்மாநிலத்தில் ஒரு கெடு உண்டு. நெருக்கடி நிலவும்வரை, நீதிமன்றம் அக்கெடுவை 1935 மே முதல் நாள்வரை நீட்டிக்கலாம் என ஒரு சட்டம் இயற்றப்பட்டது. மினியாபொலிஸ் நகரத்துத் தம்பதி ஒருவர் இச்சட்டத்தின் துணையை நாடினர். 14 அறைகள் கொண்ட தம் வீட்டின் ஒரு பகுதியில் தாம் வாழ்ந்து, பிற அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர்கள் அவர்கள். 1932 மே மாதத்தில் அவ்வீடு 3,700 டாலருக்கு ஏலத்தில் போயிருந்தது. நீதிமன்றம் அவர்களுக்குக் காலம் நீட்டித்தது. ஆனால் இலவசமாக அன்று. மாதம் 40 டாலர் கட்டிவரவேண்டும். அத்தொகை வரிக்கும் காப்பீட்டுக்கும் வட்டிக்கும் கடனுக்கும் செல்லும்.

கடன் கொடுத்த நிறுவனம் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. ஒப்பந்தங்களின் கடப்பாட்டை எந்த மாநிலமும் குலைக்கலாகாது என்று அரசியலமைப்பு கூறுகிறதே என அது வாதிட்டது. 1934 ஜனவரி 8ஆம் நாள் வெளியான தீர்ப்பில் ஐந்து நீதிபதிகள் மாநிலச் சட்டத்தை ஏற்றனர், நால்வர் மறுத்தனர். கடன் அழிக்கப்படவில்லை, வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, காலம் மட்டுமே நீட்டிக்கப்பட்டது என்பது பெரும்பான்மையினர் கருத்தின் சாரம். ஒப்பந்தத்தை ஒருமுறை தளர்த்தினால் அதற்கு எல்லை எது என்பது மறுத்தவர்களின் கவலை. இரு தரப்பிலும் நியாயம் இருந்ததை நாம் மறுக்கவியலாது. கடன் கொடுத்த நிறுவனங்களின் பின்னாலும் சிறுசேமிப்பாளர்கள் பலர் இருந்தனர் அல்லவா?

பழைய கடனுக்குப் புதிய உருவம்

மத்திய அரசின் முதல் முயற்சி பெரும் ஏமாற்றமாக முடிந்தது. 1932 ஜூலையில் அதிபர் ஹூவர் காலத்தில் இயற்றப்பட்ட வீட்டுக்கடன் வங்கிச் சட்டத்தின்கீழ், நேரடிக் கடன் கேட்டு இரண்டு ஆண்டுகளில் 41,000 விண்ணப்பங்கள் வந்தன. ஏற்கப்பட்டவை மூன்றே மூன்று! நல்ல ஈடு உள்ளவர்க்கே கடன் என்று விதி வகுத்தால், நெருக்கடியில் வீழ்ந்தவர் எவர் அதற்குள் நுழைய முடியும்?

1933 ஜூன் 13ஆம் நாள், அதிபர் ரூஸ்வெல்ட் ஆட்சியில் வீட்டு உரிமையாளர் கடன் கழகம் தோன்றியது. அதன் செயல்முறை எளிமையானது. தவணை தவறிய வீட்டுக் கடனைக் கழகம் பழைய கடன்காரரிடமிருந்து வாங்கிக்கொள்ளும். அவருக்கு ரொக்கத்துக்குப் பதில் பெரும்பாலும் கழகத்தின் பத்திரங்கள் கிடைக்கும். வராத கடனைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதைவிட வட்டி தரும் பத்திரம் மேல் என்று பலரும் இசைந்தனர். கழகமோ வீட்டுக்காரருக்கு அக்கடனைப் புதிதாக எழுதிக்கொடுக்கும்: வட்டி 5 விழுக்காடு, காலம் 15 ஆண்டு, மாதந்தோறும் வட்டியும் அசலில் ஒரு பங்கும் சேர்ந்த ஒரே அளவான தவணை.

இந்த மாற்றத்தின் அருமையை ஒரு கணக்கால் உணரலாம். 3,000 டாலர் கடனுக்குப் பழைய முறையில் 6 விழுக்காடு வட்டி என்றால் மாதம் 15 டாலர். ஆனால் முடிவில் 3,000 டாலரும் அப்படியே தலைமேல் நிற்கும். புதிய முறையில் மாதம் 24 டாலருக்குச் சற்றுக் குறைவு. 15 ஆண்டின் முடிவில் கடனே இராது. தொடக்கத்தில் அதுவும் இயலாதவர் 1936 ஜூன்வரை வட்டியை மட்டும், அதாவது மாதம் பன்னிரண்டரை டாலர், கட்டிவரலாம். கூலி வாரந்தோறும் மாதந்தோறும் வருவது; கடனும் அவ்வாறே சிறுசிறு பங்காகக் கழியவேண்டும் என்ற எளிய உண்மையை அரசு அப்போதுதான் ஏற்றுக்கொண்டது.

இன்னொரு சிறப்பும் குறிப்பிடத்தக்கது. நிலுவையிலிருந்த வீட்டு வரியையும், வீட்டுக்கு இன்றியமையாத பழுதுபார்ப்புச் செலவையும் அப்புதிய கடனிலேயே சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தந்தது. கடனை மட்டும் சீர்செய்துவிட்டுக் கூரையை ஒழுகவிட்டால், ஈடாக நிற்கும் வீடே சில ஆண்டுகளில் இல்லாமற்போகும் என்பதைச் சட்டம் வகுத்தவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஏறத்தாழ 19 லட்சம் பேர் விண்ணப்பித்தனர். 10 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் கடன் பெற்றனர். வழங்கிய தொகை 300 கோடி டாலருக்கும் மேல். 1936 ஜூனுடன் கடன் வழங்குவது நின்றது. அதன்பின் வசூலிக்கும் பணியே எஞ்சியது. 1939இல் வட்டி நான்கரை விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; தேவைப்பட்டோர்க்குக் காலமும் 25 ஆண்டுவரை நீட்டிக்கப்பட்டது. ஆயினும் எல்லோரும் கரையேறவில்லை. கடன் பெற்றவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர், சுமார் 2 லட்சம் குடும்பங்கள், கழகத்திடமே வீட்டை இழந்தனர். எஞ்சிய 8 லட்சம் குடும்பங்கள் வீட்டைக் காத்துக்கொண்டன. 1951இல் கழகம் தன் கணக்கை முடித்தபோது சிறிதளவு உபரியையே கருவூலத்துக்குத் திருப்பிச் செலுத்தியது. நம்பிக் கொடுத்தால் திரும்பி வராது என்று 1932இல் கருதப்பட்ட அதே வகை மக்கள்தாம் இதைச் செய்து காட்டினார்கள்.

கூரைக்கென ஒரு கடன்

1934 ஜூன் 27ஆம் நாள் தேசிய வீட்டுவசதிச் சட்டம் நிறைவேறியது. அதன் முதற்பகுதி வீடு கட்டுவதைப் பற்றியதன்று, பழுதுபார்ப்பதைப் பற்றியது. கூரை மாற்ற, குழாய் பொருத்த, சுவரைச் செப்பனிட 2,000 டாலர்வரை வங்கிகளிடம் கடன் பெறலாம். வீட்டை அடமானம் வைக்கவேண்டியதில்லை. வங்கிகளுக்கு அச்சம் நீங்கும்பொருட்டு, அவை இவ்வகையில் கொடுத்த மொத்தக் கடனில் 20 விழுக்காடுவரை நேரும் இழப்பை அரசு ஈடுசெய்யும். ஊர்தோறும் குழுக்கள் அமைத்து, வீடு வீடாகச் சென்று எந்த வீட்டில் என்ன பழுது என்று விசாரித்தார்கள். வேலையற்றிருந்த தச்சருக்கும் கொத்தருக்கும் அழைப்பு வந்தது.

ஆனால், இதனை இலவசம் என்று எவரும் எண்ணவேண்டாம். நூறு டாலருக்கு ஆண்டுக்கு 5 டாலர் முன்கூட்டியே பிடித்துக்கொள்ளப்பட்டது. கடன் மாதந்தோறும் குறைந்துவருவதைக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறத்தாழ 10 விழுக்காட்டை நெருங்கும். ஐந்து என்று காதில் விழுந்தது. பத்து என்று கையிலிருந்து போயிற்று. எனினும், தெருவோரக் கடன்காரரிடம் பெறுவதைவிட இது மலிவு. மேலும், வருவாய் சிறிதேனும் உள்ளவரால்தான் இதைப் பெறமுடிந்தது. வேலையே இல்லாதவரின் கூரை தொடர்ந்து ஒழுகியது.

கோட்டுக்கு அப்பால் நின்றவர்கள்

இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்தை மறைத்துவிட்டு நாம் பாராட்டுரை வழங்குதல் முறையன்று. 1935 முதல் கடன் கழகம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்தது. பகுதிகள் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என நான்கு தரமாகப் பிரிக்கப்பட்டன. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குப் பெரும்பாலும் சிவப்பே தீட்டப்பட்டது. இவ்வரைபடங்கள் வரையப்படுமுன்பே கழகம் தன் கடன்களில் பெரும்பகுதியை வழங்கிவிட்டது என்றும், சிவப்புப் பகுதிகளிலும் அது கடன் கொடுத்திருந்தது என்றும் அண்மைக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. உண்மையான கதவடைப்பைச் செய்தது 1934 சட்டத்தால் தோன்றிய மற்றோர் அமைப்பான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமே. அது புதிய வீடுகளுக்கான நீண்டகாலக் கடன்களுக்கு உறுதியளித்தது. ஆனால், வெள்ளையரல்லாதார் குடியிருப்பதைச் சொத்து மதிப்புக்குக் கேடாகக் கருதி, அவர்கள் வாழும் பகுதிகளைத் தொடக்கத்திலிருந்தே ஒதுக்கியது. வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வர 1968ஆம் ஆண்டு ஆயிற்று.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பாருங்கள். கடன் மறுக்கப்பட்ட தெருவில் கூரையை மாற்ற வழியில்லை. மாற்றாத கூரை வீட்டைக் கெடுக்கிறது. கெட்ட வீட்டைக் காட்டி, பாருங்கள், இப்பகுதி கடனுக்குத் தகுதியற்றது என்று மீண்டும் எழுதுகிறார்கள். மறுப்பே மறுப்புக்குச் சான்றாகிவிடுகிறது.

நம் மாகாணத்தில் நிகழ்ந்தது

அதே உலகப் பெருமந்தம் நம் நாட்டையும் விடவில்லை. விளைபொருள் விலை வீழ்ந்தது. சென்னை மாகாண உழவரின் கடனோ வீழவில்லை. 1937இல் பதவியேற்ற இராஜாஜி அமைச்சரவை 1938இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் முதல் நாளுக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் முதல் நாள்வரை நிலுவையாக நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப்போல் இருமடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கருதப்பட்டது. அமெரிக்காவில் காலத்தை நீட்டினார்கள்; இங்கே வட்டியை வெட்டினார்கள். வழி வேறு, ஆனால், கடன் பத்திரத்தில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றினால் ஒரு தலைமுறையே அழிந்துவிடும் என்ற உணர்வு இரண்டிலும் ஒன்றே.

சுவரும் கடனும்

விவிலியத்தில் நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தை இவ்வரலாற்றுடன் சேர்த்துப் படிக்கலாம். எருசலேமின் இடிந்த மதிலை மக்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வேளையில் ஒரு முறையீடு எழுகிறது: பஞ்சத்தில் தானியம் வாங்க வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டோம் என்கிறார்கள். முதலில் மதில் முடியட்டும், கடனைப் பிறகு பார்ப்போம் என்று நெகேமியா சொல்லவில்லை. தலைவர்களை அழைத்து, அடகுப் பொருள்களையும் வாங்கிய வட்டியையும் திருப்பித் தரச் செய்கிறார். அதன்பின் மதில் வேலை நிறைவேறுகிறது. சுவரைச் செப்பனிடுவதும் கடனைச் செப்பனிடுவதும் ஒரே பணியின் இரு கூறுகள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1930களின் அமெரிக்க வரலாறும் இதையே நமக்கு உரைக்கிறது. அந்த 8 லட்சம் குடும்பங்கள் தள்ளுபடியால் பிழைக்கவில்லை. தம் கூலிக்கு ஏற்ற தவணையாலும், கூரையைச் செப்பனிடக் கிடைத்த சிறு தொகையாலும், கேட்டவுடன் ஏலத்துக்கு அனுப்பாமல் காத்திருந்த ஒரு கரத்தாலும் பிழைத்தார்கள். அந்தக் கரம் நீட்டப்படாத தெருக்களில், அவர்களைப்போலவே உழைத்தவர்கள் வீட்டை இழந்தார்கள். கடன் தரும் நிலையில் இருப்போரும், கடன் சங்கங்களை நடத்துவோரும், அண்டை வீட்டின் ஒழுக்கலைக் கண்டும் காணாததுபோல் நடப்போரும் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. பணம் கொடுக்க நம்மிடம் இல்லாமற் போகலாம். காலம் கொடுப்பதற்கு நம்மில் பலராலும் இயலும்.